ஒற்றை விரல் உத்தியோகம்

உலகத்தில் நாக்கை வைத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், குரலை வைத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், வேறெதுவும் கைவசம் இல்லாமல் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர் ஒரே ஒரு விரலை வைத்துப் பிழைத்தார். வலது கை ஆட்காட்டி விரல். மீதி ஒன்பதும் தூரத்து உறவுக்காரர்கள் மாதிரி கூடவே வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

ஆபீசில் அவரை எல்லோரும் விரல்காரர் என்றார்கள். நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போவோம். நாற்பத்தாறு வயது, மேலே ஏறிக்கொண்டிருந்த நெற்றி, எதைக் கண்டாலும் தடவிப் பார்க்கிற பழக்கம். பஸ்ஸில் ஏறினால் கம்பியைத் தடவுவார். கடைக்குப் போனால் மேசை விளிம்பைத் தடவுவார். "வாங்க வந்த சாமானை மட்டும் தடவுங்க, கடைக்காரர் ஒரு மாதிரியா பாக்கறாரு" என்று மனைவி முழங்கையால் இடிப்பாள்.

வேலை இதுதான். தொடுதிரை என்பது வெறும் கண்ணாடி. அதில் பொத்தானின் படம் இருக்கும், பொத்தான் இருக்காது. விரலுக்கு எல்லா இடமும் ஒன்றுதான். அவருடைய கம்பெனி அந்தக் கண்ணாடியை விரலோடு பேச வைக்கப் பார்த்தது. கண்ணாடியின் முதுகில் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டுவார்கள். மின்சாரம் பாய்ந்தால் அவை நொடிக்கு முப்பதாயிரம் தடவைக்கு மேல் நடுங்கும். அந்த நடுக்கம் கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. காவலாளியின் நாய்க்கு மட்டும் கேட்டது போலிருக்கிறது. இயந்திரத்தை முடுக்கினால் அது பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து தெருக்கோடிக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கண்ணாடி நடுங்கும்போது அதற்கும் விரலுக்கும் நடுவே மெல்லிசாகக் கொஞ்சம் காற்று அகப்பட்டுக்கொள்ளும். விரல் வழுக்கிக்கொண்டு போகும். நடுக்கத்தை நிறுத்தினால் விரல் பிடித்துக்கொள்ளும். விரல் எங்கே போகிறது என்று இயந்திரம் பார்த்துக்கொண்டே இருந்து, சரியான இடத்தில் வழுக்கலையும் பிடிப்பையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால், வெறும் கண்ணாடியில் ஒரு விளிம்பு தட்டுப்படும், சொரசொரப்பு தட்டுப்படும். உண்மையில் அங்கே ஒன்றுமே இருக்காது. விரல் ஏமாந்துபோகும், அவ்வளவுதான். ஆனால் விரல் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு நின்றால் எதுவும் தெரியாது.

இதை அவர் வீட்டில் விளக்கிய அன்று மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவள் பெரிய சட்டையைச் சின்னதாக்குவது, நீளத்தைக் குறைப்பது, பிரிந்ததைச் சேர்ப்பது என்று வீட்டிலேயே வேலை எடுத்துச் செய்கிறவள்.

"அப்போ அங்க மேடு இருக்கா?"

"இல்ல."

"பள்ளம்?"

"அதுவும் இல்ல."

"இல்லாத மேட்டைத் தடவிப் பாத்து, இருக்குன்னு எழுதிக் கொடுக்கறதுக்கு ஒரு ஆளு. அந்த ஆளுக்கு ஒரு நாற்காலி, தலைக்கு மேல ஒரு ஃபேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி மெஷினை மிதித்தாள்.

அவருக்கு இந்த உத்தியோகம் வந்த கதையும் வேடிக்கைதான். அதற்கு முன்னால் அவர் ஒரு செல்போன் கடையில் திரைக்கு மேல் காப்புத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு குமிழி இல்லாமல் ஒட்டுவார். ஒருநாள் கண்ணாடி போட்ட ஒரு பெண் போனைக் கொடுத்தார். இவர் விரலை ஒரு தரம் ஓட்டிவிட்டு, "கீழ் மூலையில ஒரு கீறல் இருக்கு. ஒட்டினா அந்த இடத்துல காத்து நிக்கும்" என்றார். அந்தப் பெண் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. வாசலுக்குப் போய் வெயிலில் சாய்த்துப் பார்த்த பிறகுதான் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. அந்தப் பெண்தான் கம்பெனியின் பொறியாளர், இப்போது இவருடைய மேடம். மறுவாரமே இவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த விரலுக்கு வந்த யோகத்தைக் கேட்க வேண்டாம். வெங்காயம் உரிக்கக் கூடாது, வெந்நீரில் படக் கூடாது, பாத்திரம் தேய்க்கவே கூடாது. வெளியே கிளம்பினால் மெல்லிய பருத்திக் கையுறை. படுக்கப் போகும்போது நுனியில் ஒரு சொட்டுக் களிம்பு. காலையில் ஆபீசுக்குப் போனதும் விரலின் சூட்டையும் ஈரத்தையும் அளந்து எழுதுவார்கள். அப்புறம் டக் டக் என்று ஒரு கருவி தாளம் போடும். அந்தத் தாளத்துக்கு இடமிருந்து வலமாக ஒரு நாளைக்கு எண்ணூறு இழுப்பு. ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் ஒரு குறி: தெரிகிறது, லேசாகத் தெரிகிறது, தெரியவில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். இவருடைய வீக்கம் மொத்தமும் அந்த விரலில்தான் இருந்தது.

"நம்ம பிள்ளைக்குக்கூட நான் இவ்வளவு எண்ணெய் தடவினதில்ல" என்பாள் மனைவி. பிள்ளை படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டான். இப்போது வீட்டில் சீராட்டுவதற்கு அந்த விரல்தான் மிச்சம்.

இவ்வளவு செல்லம் கொஞ்சிய விரலைக் கொஞ்சமும் மதிக்காத ஆள் ஒருத்தி உண்டு. அது அக்கா. இவரைவிட ஐந்து வயது மூத்தவள். ஒன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. அப்போதிருந்து தம்பியின் காதுதான் அவளுக்குக் கடிவாளம். பள்ளிக்கூடம் போகும்போது இவர் முன்னால் நடப்பார், அவள் பின்னால் இவர் காதைப் பிடித்துக்கொண்டு வருவாள். குழியில் விட்டால் காது திருகப்படும். இன்றைக்கும் அவருடைய இடது காது வலது காதைவிடக் கொஞ்சம் நீளம் என்று மனைவி சத்தியம் செய்வாள்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். இருபத்து நாலு வருஷம். இவர்கள் இருக்கிற கட்டடத்திலேயே முதல் மாடியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். "மூணாவது மாடிக்கு வந்து எங்களோடயே இருங்க அண்ணி" என்று தம்பி மனைவி எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டாள். "வந்தா ரெண்டு பேரும் சண்டை போடறதை நான் கேக்கணும். எனக்கு நாள் முழுக்க அடுத்தவங்க பேச்சைக் கேக்கறதுதான் வேலை. வீட்டுலயுமா?" என்பாள் அக்கா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு மட்டும் மேலேதான். இருபத்தெட்டுப் படி, குச்சியில்லாமல் ஏறி வருவாள்.

ஆஸ்பத்திரியின் அறுபது இணைப்புகளும் அவளுக்கு மனப்பாடம். எந்த வார்டு நர்சுக்கு எந்த வேளையில் கோபம் வரும், எந்த டாக்டர் மூன்றாவது தடவை மணி அடித்த பிறகுதான் எடுப்பார், எல்லாம் தெரியும். அழுதுகொண்டு கூப்பிடுகிறவர்களிடம் முதலில் பெயரைக் கேட்க மாட்டாள். "மூச்சு விடுங்க. லைன்ல நான் இருக்கேன்" என்பாள். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

அந்த வேலைக்குத்தான் வினை வந்தது. பழைய பொத்தான் பலகை அடிக்கடி மக்கர் செய்தது, உதிரிபாகம் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் கண்ணாடித் திரைக்கு மாற்றுவதாக முடிவு செய்தார்கள். நிர்வாக அதிகாரி கெட்டவர் இல்லை. அக்காவை நேரில் கூப்பிட்டு, "உங்க சம்பளத்துல கை வைக்க மாட்டோம்மா. வரவேற்புல ஓரமா ஒரு நாற்காலி போட்டுடறோம். நிம்மதியா இருங்க" என்றார்.

"அங்க ஏற்கெனவே ஒரு பிளாஸ்டிக் செடி இருக்கு சார். ரெண்டாவது எதுக்கு?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள் அக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பிட்டாள், ஆனால் யாரையும் கிண்டல் செய்யவில்லை. விரல்காரருக்கு அது தாங்கவில்லை. அவள் திட்டினால் அவருக்கு உடம்பு தேறும், அவள் சும்மா இருந்தால் சோறு இறங்காது. மறுநாள் மேடத்திடம் போய் நின்றார். மேடம் கதையைக் கேட்டுவிட்டு அதிகாரியிடம் பேசினார். கண்ணாடித் திரைதான் என்றால் அது எங்கள் கண்ணாடியாக இருக்கட்டும், ஒரு நாள் சோதித்துப் பாருங்கள், பத்து இணைப்பு சரியாகக் கொடுத்துவிட்டால் அந்த அம்மாவை அவர் இடத்திலேயே விட்டுவிடுங்கள் என்றார். அதிகாரி ஒப்புக்கொண்டார். ஆறு வாரம் தவணை.

அந்த ஆறு வாரமும் விரல்காரர் கண்ணும் கருத்துமாக வேலை பார்த்தார். பழைய பலகையில் இருந்தபடியே பத்து வரிசை, வரிசைக்கு ஆறு பொத்தான். ஒவ்வொரு பொத்தானுக்கும் விளிம்பு. மேலே முதல் வரிசை அவசரப் பிரிவு, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. பிரசவ வார்டுக்கு மெல்லிய அலை அலையாக. ரத்த வங்கிக்கு நடுவில் ஒரு கோடு. பொத்தானைத் தேடி விரலை ஓட்ட வேண்டும், கிடைத்ததும் அங்கேயே இரண்டு தட்டு. கண்ணை இறுக மூடிக்கொண்டு, அதற்கு மேல் ஒரு துணியும் கட்டிக்கொண்டு ஆயிரம் தடவை பார்த்தார். ஆயிரமும் சரி.

"ஒரு தடவை என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டேன்டா" என்று அக்கா மூன்று முறை கேட்டாள்.

"எல்லாம் நான் பாத்துக்கிட்டேன்கா. அன்னைக்கு வந்து நீயே தொட்டுப் பாரு, அசந்துடுவே" என்றார் அவர். ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஆசை. கூடவே, தன்னுடைய விரல் பார்த்துச் சொன்ன பிறகு இன்னொரு விரல் எதற்கு என்கிற மமதையும் கொஞ்சம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

அந்த நாளும் வந்தது. ஆஸ்பத்திரியின் டெலிபோன் அறை சின்னது. ஒரு பக்கம் பழைய பலகை, அதில் அக்காவுடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி அழைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப் பக்கம் மேசையில் புதுத் திரை. மேடம், அதிகாரி, விரல்காரர் மூவரும் நின்றார்கள். மனைவியும் வந்திருந்தாள். இத்தனை வருஷமாகப் புருஷன் தடவிக்கொண்டிருப்பது எதை என்று பார்க்க அவளுக்கு ஆசை. தையல் சாமான் பை தோளில் தொங்கியது. அது இல்லாமல் அவள் எங்கேயும் போகிற வழக்கமில்லை.

அதிகாரி ஒரு சீட்டைப் பார்த்துப் படித்தார். "முதல்ல ரத்த வங்கி."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு கையையும் திரையின் மேல் வைத்தாள். இடது கை ஓரத்தில் நின்றது, வலது கை நகர்ந்தது. நின்றது. திரும்பி வந்தது. அவள் புருவம் சுருங்கியது. இரண்டு தட்டு தட்டினாள். ஒலிபெருக்கியில் ஒரு ஆண் குரல், "சலவைப் பிரிவு" என்றது.

"அடுத்தது அவசரப் பிரிவு."

மறுபடி அதே தடுமாற்றம். இரண்டு தட்டு. "கிச்சன். இன்னும் ரெடியாகல, கால் மணி நேரம் ஆகும்" என்றது வேறொரு குரல்.

விரல்காரருக்கு வியர்த்தது. "அக்கா, ஒரு விரல்! ஒரே ஒரு விரல்தான் வைக்கணும்! இடது கையை எடு!"

அக்கா இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் நடந்தது இன்னும் மோசம். அந்த ஒற்றை விரல் கண்ணாடியில் விளிம்புகளை உணர்ந்தது, உணர்ந்தது என்று அவள் முகமே சொன்னது. ஆனால் எந்த வரிசை விளிம்பு, எத்தனையாவது பொத்தான் என்று தெரியவில்லை. மேலே போனது, சறுக்கிக் கீழே வந்தது, முதலிலிருந்து ஆரம்பித்தது. மூன்றாவது இணைப்புக்கு முக்கால் நிமிஷம் ஆயிற்று. அதுவும் தப்பு.

அதிகாரி கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்தார். "பரவாயில்லம்மா. மூணு மணிக்கு நான் அறிக்கை எழுதணும். அதுக்குள்ள வேணும்னா இன்னொரு தடவை பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலில் இருந்த கனிவுதான் எல்லோரையும் கொன்றது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. மேடம் இயந்திரத்தின் பின்பக்கம் குனிந்து கம்பிகளைப் பார்த்தார். பழுது ஒன்றும் இல்லை. விரல்காரர் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தார். அக்காவை நிமிர்ந்து பார்க்க அவருக்கு முகமில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம். பழைய பலகையில் இருந்த பெண் சாப்பிடப் போனாள். அக்கா ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். "வணக்கம், சொல்லுங்க." டக். "லைன்ல இருங்க." டக். "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காரு, அரை மணி கழிச்சுப் பண்ணுங்க." டக்.

விரல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் முகத்தையும் முதுகையும் அவர் நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பார்த்திருக்கிறார். அவள் வேலை செய்யும் கையைப் பார்த்தது அன்றைக்குத்தான். பொத்தானை அமுக்கியது வலது கை. ஆனால் வேலை நடந்தது இடது கையில். பலகையின் இடது ஓரத்தில் வரிசைக்கு ஒன்றாகத் திருகாணிகள் இருந்தன. இடது கட்டைவிரல் அந்தத் திருகாணிகளின் தலைமேல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. நாலாவது திருகாணியில் அது நின்றால் வலது கை நேராக நாலாவது வரிசைக்குப் போனது. திருகாணிகளின் தலை தேய்ந்து பளபளத்தது.

அவர் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார்.

"அக்கா."

"என்னடா?"

"நான் கண்ணைக் கட்டிக்கிட்டு ஆயிரம் தடவை பாத்தேன்கா. ஒரு தடவைகூடத் தப்பல."

"கட்டறதுக்கு முன்னாடி எங்க என்ன இருக்குன்னு பாத்துட்டுத்தானே கட்டினே?" அழைப்பு வந்தது. அதை அனுப்பிவிட்டுத் தொடர்ந்தாள். "உனக்கு உள்ள படம் இருக்குடா. அதனால ஒரு விரல் போதும். எனக்குப் படம் கிடையாது. நான் எங்க நிக்கறேன்னு இந்தக் கை சொன்னாத்தான் அந்தக் கை போகும். கண்ணை மூடிக்கிட்டா நீ நானாயிடுவியா?"

அவர் தன் படிவங்களை நினைத்துப் பார்த்தார். இத்தனை வருஷம் படிவம் நிரப்பியிருக்கிறார், ஒரு படிவத்திலாவது இரண்டாவது கைக்கு ஒரு கட்டம் இருந்ததா? ஆபீசில் இருந்த அத்தனை பேரும் ஒற்றை விரலால்தான் பார்த்தார்கள். ஏனென்றால் அவர்களுடைய இடது கையின் வேலையைக் கண் செய்துகொண்டிருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவர் யானைகூட இல்லை.

மேடம் நிமிர்ந்தார். "அதான் குழம்பியிருக்கு. முதல்ல எந்த விரல் பட்டுதோ அதைத்தான் இயந்திரம் பின்தொடரும். நடுங்கறது மொத்தக் கண்ணாடியும். அவங்க இடது விரல் ஓரத்துல பட்டுடுச்சு, இயந்திரம் அதையே பாத்துக்கிட்டு நின்னுடுச்சு. வலது விரல் தடவினது எல்லாம் வெத்துக் கண்ணாடி. இதை மாத்தணும்னா மாசக்கணக்கு ஆகும் விரல்காரரே. மூணு மணிக்குள்ள முடியாது."

அதுவரை பேசாமல் இருந்த மனைவி வாயைத் திறந்தாள். "இதுல என்ன இருக்கு? நான் மெஷின்ல உக்காந்தா ஊசி ஓடறது வலது பக்கம். ஆனா இடது கை துணியைப் பிடிச்சு வழி காட்டலேன்னா என்னத்தைத் தைக்க? இடது கைக்கு ஒரு இடம் குடுங்க. கண்ணாடியில வேண்டாம், அதைச் சுத்தி இருக்கற சட்டத்துல குடுங்க."

திரையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருந்தது. கண்ணாடியோடு வழவழவென்று ஒன்றாக இழைந்திருந்ததால் அது எங்கே முடிகிறது என்று அக்காவின் விரலுக்குத் தெரியவில்லை. அதனால்தான் கட்டைவிரல் கண்ணாடிக்குள் போய்விட்டது.

மனைவி தோள் பையைத் திறந்து தன்னுடைய இஞ்ச் டேப்பை எடுத்தாள். கல்யாணமான வருஷத்திலிருந்து தைக்கும்போதெல்லாம் கழுத்தில் கிடக்கிற டேப். சட்டத்தின் உயரத்தை அதைக்கொண்டே அளந்தாள், இரண்டாக மடித்துத் தடிமனாக்கினாள், எதைப் பற்றியும் யோசிக்காமல் கத்தரியால் வெட்டினாள். பிறகு திரையில் தெரிந்த வரிசைகளுக்கு நேராக ஓரத்தில் பத்து வெட்டு. "அஞ்சாவதை மட்டும் ஆழமா வெட்டறேன் அண்ணி. நடுவுல எங்க இருக்கோம்னு தெரியும்."

"பத்தாவதையும் ஆழமா வெட்டும்மா" என்றாள் அக்கா. அவள் குரலில் உயிர் வந்திருந்தது.

"கண்ணாடியில மட்டும் பட்டுடக் கூடாது. ஒரு நூல் பட்டாலும் நடுக்கம் செத்துடும்" என்றார் மேடம்.

விரல்காரர் எழுந்தார். கையுறையைக் கழற்றி எங்கோ போட்டார், எங்கே என்று கவனிக்கவில்லை. மேடத்தின் பெட்டியில் இருபுறமும் ஒட்டுகிற நாடா இருந்தது. இரண்டு கட்டைவிரலாலும் டேப்பை மேலிருந்து கீழே நீவிக்கொண்டு வந்தார். செல்போன் கடையில் பதினோரு வருஷம் செய்த அதே வேலை. ஒரு குமிழி இல்லை. டேப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தலைமுடி போகிற இடம் மட்டும் விட்டார். வலது ஆட்காட்டி விரல் அன்றைக்கு மற்ற ஒன்பதோடு சேர்ந்து கூலிக்காரன் மாதிரி உழைத்தது.

மூன்று மணிக்கு அதிகாரி சீட்டோடு வந்தார். சாப்பிட்டு வந்த பெண் பழைய பலகையில் உட்கார்ந்தாள். அக்கா புதுத் திரைக்கு முன்னால் இடது கையைச் சட்டத்தில் வைத்தாள். கட்டைவிரல் வெட்டுகளின் மேல் ஒரு தரம் மேலிருந்து கீழே போய்த் திரும்பி வந்தது. அவள் தலை லேசாக ஆடியது.

"ரத்த வங்கி."

கட்டைவிரல் மூன்றாவது வெட்டில் நின்றது. வலது விரல் அந்த நேர்கோட்டில் போனது. ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு தட்டு. "ரத்த வங்கி, சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல்.

விரல்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிரசவ வார்டு, சரி. எக்ஸ்ரே, சரி. குழந்தைகள் பிரிவு, சரி. ஐந்தாவதும் சரி. ஆறாவதில் அவள் நின்றாள். "மருந்தகமும் ஸ்டோர் ரூமும் தொட்டா ஒரே மாதிரி இருக்கு. ஒண்ணை மாத்து" என்று தம்பி பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு மருந்தகத்துக்குச் சரியாகக் கொடுத்தாள். ஏழு, எட்டு, ஒன்பது.

பத்தாவதைப் படிக்க அதிகாரி வாயைத் திறந்தார். அதற்குள் பழைய பலகையில் மணி அடித்தது. அதிகாரி சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அந்த லைனை இங்க மாத்துங்க" என்றார் அந்தப் பெண்ணிடம். "பத்தாவது இது."

ஒலிபெருக்கியில் மூச்சு வாங்குகிற ஒரு ஆள். என்ன சொல்கிறான் என்றே புரியவில்லை. அம்மா என்றான், மாடிப்படி என்றான், விழுந்துட்டாங்க என்றான்.

"மூச்சு விடுங்க. லைன்ல நான் இருக்கேன்" என்றாள் அக்கா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் கட்டைவிரல் முதல் வெட்டுக்கு ஏறியிருந்தது, வலது விரல் உப்புத்தாளைத் தொட்டிருந்தது. இரண்டு தட்டு. "அவசரப் பிரிவு" என்றது குரல். "பேசுங்க, டாக்டர் இருக்காங்க" என்று சொல்லி அவள் விலகிக்கொண்டாள்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாற்காலி வேண்டாம்னு வரவேற்புல சொல்லிடறேன்மா" என்றார்.

"அந்தச் செடிக்குத் தண்ணி ஊத்த வேண்டாம்னும் சொல்லுங்க சார். தினம் ஒருத்தன் ஊத்தறான்" என்றாள் அக்கா.

அடுத்த அழைப்பு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. விரல்காரர் அவள் பின்னால் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அக்கா வலது கையைத் திரையிலிருந்து எடுக்காமல் இடது கையை மட்டும் பின்னால் நீட்டினாள். தேடாமலே அவருடைய காது அகப்பட்டது. ஒரு திருகு திருகினாள், ஆனால் வலிக்கிற மாதிரி இல்லை.

"டேய், பக்கத்துல நின்னு மூச்சு விடாதே, போன்ல கேக்குது. கிளம்பு. இங்க ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க."

மேடம் போகும்போது ஒன்று கேட்டார். மாதம் இரண்டு சனிக்கிழமை ஆபீசுக்கு வந்து கண்ணாடிகளைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று. அக்கா வருவதாகச் சொன்னாள். "ஆனா இவன் கண்ணைக் கட்டிக்கிட்டு எதிர்ல வந்து உக்காந்தா எழுந்து போயிடுவேன்" என்று நிபந்தனை போட்டாள். மறுநாள் காலையில் விரல்காரர் படிவத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பேனாவால் இடது கைக்கு ஒரு கட்டம் சேர்த்தார். ஆனால் அது மறுநாள் கதை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுக்கு அக்கா மேலே வந்திருந்தாள், ஞாயிற்றுக்கிழமை இல்லாவிட்டாலும். தம்பியின் சட்டையிலிருந்து தம்பி மனைவியின் சமையல் வரை ஒன்றையும் விடாமல் கிண்டல் செய்தாள். விரல்காரர் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போய், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பாத்திரத் தொட்டியின் குழாயைத் திறந்தார்.

மனைவி பதறிப்போய் ஓடி வந்தாள். "ஏங்க, என்ன பண்றீங்க? விரலு!"

"பத்து இருக்கே" என்றார் விரல்காரர், சோப்பைத் தேடிக்கொண்டே.